கோட் அறையில் ஓர் இருமல்

ஹெல்மார் நகரத்துச் சனங்கள் தங்கள் இருமலையும் கோட்டோடு சேர்த்துக் கழற்றிக் கொடுக்கத் தொடங்கியது வெரன் வாரத்தின் இரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாம் நாள் அதற்கு ஒரு வரிசை வந்துவிட்டது. நான்காம் நாள் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஐந்தாம் நாளிலிருந்து, பாட்டன் பூட்டன் காலம் தொட்டே அந்த ஊரில் அப்படித்தான் நடந்துவந்தது போல எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

வெரன் என்பவர் அந்த நகரம் பெற்ற ஒரே பெரிய மனிதர். நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் செத்துப்போன சங்கீதக்காரர். கொஞ்சம் பொறுத்து, வெயில் வந்த பிறகு செத்திருந்தால் ஊருக்கு எவ்வளவோ நன்மை. ஆனால் அவர் பனி கொட்டும் மாசியில் செத்தார், ஆகவே அவர் பேரால் ஊர் தன் பழம்பெருமையைக் கொண்டாடும் இசைவிழாவும் மாசியில்தான் நடந்தது, ஆகவே ஊரில் இருமல் இல்லாத நெஞ்சு ஒன்றுகூட இல்லாத காலத்தில்தான் அந்த நகரம் ஐரோப்பாவிலேயே மிக அமைதியான சபை என்ற தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஏழு நாளும் தெருவெல்லாம் வெரனின் தாடி தொங்கும். சொக்லேட் பெட்டியில் அவர் முகம், தேநீர்க் கோப்பையில் அவர் முகம். ரொட்டிக் கடைகளில் பிறை போல வளைத்து நடுவில் ஒரேயொரு திராட்சை வற்றல் வைத்த ரொட்டி விற்பார்கள்.

அந்தப் பிறையும் திராட்சையும் சும்மா வந்ததல்ல. வெரன் கடைசியாக எழுதியது ஊரின் பேரிலேயே ஒரு சிம்பொனி. விழாவின் கடைசி நாள், ஞாயிறு பிற்பகல், அதைத்தான் வாசிப்பார்கள். அதன் மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி தொடங்குமுன் எண்பது வாத்தியங்களும் ஒன்றாக நிற்கும் ஓர் இடம் உண்டு. அங்கே அவர் தன் கையால் ஒரு பிறையும் அதற்குள் ஒரு புள்ளியும் போட்டிருந்தார். நில் என்று அர்த்தம். எவ்வளவு நேரம் நிற்பது என்று அவர் எழுதவில்லை. அந்த மௌனம் மட்டும் குறையில்லாமல் அமைந்துவிட்டால், மண்டபத்துக்குக் கீழே ஓடும் ஆற்றின் சத்தம் மேலே கேட்கும் என்று ஊர் நம்பியது. யாரும் கேட்டதில்லை. நூற்றிருபது வருடமாய் ஒவ்வொரு முறையும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவதற்குள், யாராவது ஒருவர் இருமிவிடுவார். குழுவை நடத்துபவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்குவார், நான்காம் பகுதி தொடங்கிவிடும். இருமியவரை ஊர் லேசில் விடாது. எழுபது வருடத்துக்கு முன் இருமிய ஒரு மேயர் அடுத்த தேர்தலில் மண் கவ்வினார். சவப்பெட்டி செய்கிற ஒருவர் இருமியதற்கு அவருடைய பேரப்பிள்ளைகளை இன்றைக்கும் இருமல்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மண்டபத்தின் கீழ்த்தளத்தில், ஆயிரத்து இருநூறு கொளுக்கிகள் உள்ள கோட் அறையில், பதினைந்து வருடமாகக் கோட் வாங்கி மாட்டி, இலக்கத் தகடு கொடுத்து, முடிந்ததும் தகட்டை வாங்கிக் கோட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தவமலர். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். மேலே நடக்கும் கச்சேரி அவளுக்குச் சுவரில் இருக்கிற ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். வாத்தியங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன, கேட்கிற ஆட்களைத்தான் பிடிக்கவில்லை. ஊரில் கோயில் திருவிழாவில் ஒரு பக்கம் பிள்ளை அழும், ஒரு பக்கம் கச்சான் கடலைக்காரி கூவுவாள், நாதஸ்வரக்காரர் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருப்பார், நல்ல இடம் வந்தால் நாலு பேர் வாய்விட்டு ரசிப்பார்கள். இங்கே என்னவென்றால், பரீட்சை எழுதுகிறவர்கள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தலையாவது ஆட வேண்டாமா என்று அவள் கேட்பாள். யாரைக் கேட்பாள்? கோட்டுகளைத்தான்.

அவளுடைய புருசன் குணநாயகம் இருமல்காரர். நோயால் அல்ல, ஆரம்பத்தில் அது ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழையுமுன் ஆம்பிளை ஒருவன் வாசலில் நின்று தொண்டையைச் செருமி, வாறன் என்று தெரியப்படுத்துவது ஊர் வழக்கம்தானே. யுத்தம் வந்த பிறகு அது வழக்கம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கதவைத் தட்டுகிறவன் எவனென்று தெரியாத காலம்; தட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். ஆகவே அவர் தட்டவே மாட்டார். இருமுவார். சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று. இரண்டு குறில், ஒரு நெடில். அவள் உள்ளேயிருந்து, "ஓம், வாறன்" என்று சொல்லிக் கதவைத் திறப்பாள். கடல் கடந்து ஹெல்மாருக்கு வந்து, வாசலில் மணி பூட்டிய நாலாம் மாடி வீட்டில் இருபத்தைந்து வருடம் குடியிருந்தும், உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் மனிதர் ஒருநாளாவது அந்த மணியைத் தொட்டவரல்ல. இரண்டு குறில், ஒரு நெடில். ஓம், வாறன்.

போன வருடம் வெரன் வாரத்துக் கடைசி நாள், அவளைக் கூட்டிக்கொண்டு போக அவர் மண்டபத்துக்கு வந்தார். மூன்று மாதமாய் உண்மையான இருமல் அவரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. "இஞ்சரப்பா, உதை எங்கையாவது கொளுவு, வேர்க்குது" என்று தன் பெரிய மண்ணிறக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் கடைசிக் கொளுக்கியில், ஆயிரத்து இருநூறில், மாட்டினாள். சொந்தப் புருசனுக்குத் தகடு எதற்கு, கொடுக்கவில்லை. சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார், அம்புலன்ஸ் வந்தது, ஆசுப்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். அந்த மூன்று நாளில் அவர் ஒருமுறைகூட இருமவில்லை. சுகமாகிறது என்றுதான் அவள் நினைத்தாள். மகிழ்ந்துபோய்ச் சொந்தக்காரருக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். நாலாம் நாள் விடிய அவர் போய்விட்டார். கோட் அந்தக் கொளுக்கியிலேயே ஒரு வருடமாய்த் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. தொட்டு எடுத்தால் அவர் செத்தது உண்மையாகிவிடும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். ஓய்வுபெற்ற நீதவான் ஹாகன் என்று ஒருவர் இருந்தார். நாலாம் வரிசை, பன்னிரண்டாம் இருக்கை. முப்பத்தொரு வருடமாய் அவர் இருமாத கச்சேரி இல்லை. வானொலிக்காரர்கள் அவருடைய இருமலை வைத்தே இது எந்த வருடத்து ஒலிப்பதிவு என்று சொல்லிவிடுவார்கள். அன்று அவர் கோட்டைக் கழற்றித் தவமலரிடம் கொடுத்தபோது அது வழக்கத்தைவிடக் கனத்தது. அவர் மேலே போனார். அவள் காத்திருந்தாள், ஒலிபெருக்கியில் முதல் பகுதி போனது, இரண்டாம் பகுதி போனது, நீதவானின் இருமலைக் காணோம். ஆனால் நாற்பத்தேழாம் கொளுக்கியில் அவருடைய கோட் மெதுவாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் போய்க் காதை வைத்துப் பார்த்தாள்.

மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற சபாநாதன் அண்ணையும் யாழ்ப்பாணத்து ஆள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். தும்புத்தடியோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார்.

"என்ன பிள்ளை, கோட்டுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

"அண்ணை, ஒருக்கா இதில காதை வைச்சுப் பாருங்கோ."

அவர் வைத்துப் பார்த்தார். "உதுக்குள்ள பூனை கீனை கிடக்கோ?"

"பூனை இல்லை. நீதவானின்ர இருமல்."

"விட்டிட்டுப் போட்டாரோ? நல்லதாப் போச்சு. போன வருசம் அந்த மனுசன் இருமினதில மேல்மாடி யன்னல் கண்ணாடி அதிர்ந்தது," என்று சொல்லிவிட்டு அவர் விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்.

கச்சேரி முடிந்து நீதவான் கோட்டுக்குள் இரண்டு கையையும் நுழைத்ததும், உள்ளே கிடந்தது முழுவதும் ஒன்றாக வெளியே வந்தது. அவர் நின்று நிதானமாக இருமி முடித்தார், தொலைத்த கதவுத் திறப்பைக் கண்டெடுத்தவர் போல நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார், "நன்றி அம்மா" என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான். அடுத்த நாள் மாலை ஊர் முழுவதும் கோட் அறை வாசலில் நின்றது.

ஊர் என்றால் எல்லாவிதமும்தானே. கோட் இல்லாமல் வந்தவர்கள் கழுத்துத் துணியில் இருமலை முடிந்து கொடுத்தார்கள். துணி சின்ன இருமலைத்தான் தாங்கியது. மென்மயிர்க் கோட்டுச் சீமாட்டிகளின் இருமல் மட்டும் கோட்டை விட்டு வெளியே வர ஒப்பாமல் ஒவ்வொரு நாளும் அடம்பிடித்தது. தொண்டை மிட்டாய் விற்கும் மருந்துக் கடைக்காரர் யாரோடும் கதைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாதிரியார் தன் பிரசங்கத்தில், பாவத்தையும் இப்படிக் கழற்றி வைக்கலாம், ஆனால் போகும்போது எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்றார். மண்டப நிர்வாகி பிர்கிட், எதையும் எழுதி ஒட்டாவிட்டால் நித்திரை வராத பெண், ஓர் அறிவித்தல் அடித்து ஒட்டினாள்: இருமலை ஒப்படைப்போர் இலக்கத் தகட்டைப் பத்திரமாக வைத்திருக்கவும், தும்மல், விக்கல் என்பன ஏற்கப்பட மாட்டா.

குழப்பமும் வரத்தான் செய்தது. ஒரு பல் வைத்தியரும் ஒரு ட்ராம் சாரதியும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டை மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இருவருக்கும் இருமல் வரவில்லை. அந்நியரின் கோட்டுக்குள் இருமல் வாயைத் திறக்காது. இருவரும் ஏதோ ஓர் ஆளின் பேரை மறந்துவிட்டவர்கள் போல அந்தரப்பட்டு, மறுநாள் ஓடி வந்து மாற்றிக்கொண்டு, ஆளுக்கு முன் ஆள் நின்று ஆசை தீர இருமி, பிறகு கோப்பி குடிக்கப் போனார்கள். இன்னொரு நாள் ஒரு கிழவி தன் புருசனின் கோட்டை மாறிப் போட்டாள். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்களிடம் இருமல் வித்தியாசம் பார்க்கவில்லை; கிழவரின் தடித்த இருமல் கிழவியிடமிருந்து வந்து, பக்கத்தில் நின்ற கிழவருடைய நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். தவமலர் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அவளுக்கு அந்தச் செவ்வாயே தெரிந்துவிட்டது. நீதவானின் கோட்டில் இருமலைக் கேட்டுவிட்டு, கால் தன்பாட்டில் நடக்க, கடைசிக் கொளுக்கிக்குப் போயிருந்தாள். மண்ணிறக் கோட். ஒரு வருடத் தூசி. காதை வைத்தாள். எங்கேயோ ஒரு கதவுக்கு அப்பால் நிற்பது போல, இரண்டு குறில், ஒரு நெடில். "ஓம், வாறன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள், ஒலிபெருக்கியில் எண்பது வாத்தியம் முழங்கியதால் யாருக்கும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கச்சேரி தொடங்குவதற்கான மூன்றாம் மணி அடித்து மேலே கதவைச் சாத்தியதும், ஆயிரத்துச் சொச்சம் இருமல்களும் தொழுவத்து மாடுகள் போலக் கொஞ்சம் அசைந்து அடங்கியதும், அவள் கடைசிக் கொளுக்கிக்குப் போவாள். அவர் இருமுவார். ஓம், வாறன். திரும்பவும் இருமுவார். வாறன், வாறன். சபாநாதன் அண்ணை தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபோனில பிடிச்சு வை பிள்ளை. இந்தக் காலத்தில அதுக்கென்ன?"

"பிடிச்சுப் பாத்தன் அண்ணை. சீலை உரசிற சத்தம்தான் கேக்குது."

"அப்ப எடுத்துப் போட்டுப் பாரன். நீ பெண்சாதிதானே. அந்தக் கிழவிக்கு வந்தது உனக்கு வராதோ?"

"வரும். வந்தால் எங்க போகும்?" என்று கேட்டாள் தவமலர். "அந்த மனுசிக்குப் பக்கத்தில அவளின்ர மனுசன் நிண்டான். இவருக்குப் போய் இருக்க நெஞ்சில்லை. ஒருக்காத்தான் வரும் அண்ணை, பேந்து இல்லை."

சபாநாதன் அண்ணை தும்புத்தடியைத் தூக்கி, கடைசிக் கொளுக்கியின் கீழே மட்டும் கூட்டாமல் தாண்டிப் போனார்.

ஞாயிறு வந்தது. இந்த முறை மௌனம் குறையில்லாமல் அமையும் என்று ஊருக்குப் பித்துப் பிடித்திருந்தது. வானொலிக்காரர்கள் நாலு வாகனத்தில் வந்திறங்கினார்கள். ஓர் இருமலையும் ஒளித்துக்கொண்டு போக விடாமல் பிர்கிட்டே வாசலில் நின்று, கோட்டோடு உள்ளே போகப் பார்த்தவர்களைத் தடுத்துக் கீழே அனுப்பினாள். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது கொளுக்கிகளும் நிறைந்தன, ஆயிரத்து இருநூறாவது ஏற்கெனவே நிறைந்திருந்தது. மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். நாலு மணி பத்துக்கு மூன்றாம் பகுதி முடிந்தது. ஒலிபெருக்கி அடங்கியது.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒருவரும் இருமவில்லை. பத்து, இருபது. தவமலருக்கே மயிர் கூச்செறிந்தது. பிறகு மெல்ல, முதலில் குளிர்போலவும் பிறகு சத்தமாகவும், ஒலிபெருக்கி வழியாகவே அவளுக்கும் கேட்டது, ஆறு. கல்லில் மோதி, வளைந்து, இன்னும் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போகும் ஆறு. ஊரார் நூற்றிருபது வருடமாய்ச் சொன்னது பொய்யல்ல என்று அவள் சந்தோசப்பட்டாள். ஒரு கோட்டைத் தட்டித் துடைத்தாள், இன்னொன்றின் பொத்தானைப் பூட்டினாள், இலக்கத் தகடுகளை அடுக்கினாள். ஆறு ஓடிக்கொண்டேயிருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலு நாற்பது.

சபாநாதன் அண்ணை படியால் ஓடி வந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை.

"தவம், மேல சனமெல்லாம் படம் பிடிச்ச மாதிரி இருக்குது. குழுவை நடத்திற அந்த அம்மா தூக்கின கையை இன்னும் இறக்கேல்லை."

அவருக்குப் பின்னால், தவமலரைத் தாவா என்றே கூப்பிடும் பிர்கிட்டும் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எப்போது முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை," என்றாள். "யாருக்கும் தெரியவில்லை, தாவா. இத்தனை வருடமும் யாராவது இருமுவார்கள், கையை இறக்குவோம். அந்த நிறுத்தம் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்க்க ஒருநாளும் தேவைப்படவில்லை."

யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. மரியாதைதான் கட்டிப்போட்டிருந்தது. கைதட்டினால் முறையில்லை, எழுந்தால் முறையில்லை, குழுவை நடத்தும் அந்த மெலிந்த பெண்மணி தன்பாட்டில் கையை இறக்கினால் வெரனின் மௌனத்தை வெட்டியவள் என்ற பேர் சாகும்வரை போகாது. சபாநாதன் அண்ணை ஏற்கெனவே மாடிக் கதவில் நின்று ஓர் இருமல் இருமிப் பார்த்திருந்தார். அவருக்குப் பிறந்ததிலிருந்து கல்லுத் தொண்டை, இருமலே அறியாதது. அது பொய் இருமல் என்று கடைசி வரிசை வரை தெரிந்தது. நீதவான் மட்டும் திரும்பி, பாவம் என்று பார்த்தாராம். பிர்கிட்டோ இருபது வருடமாய்க் கடமை நேரத்தில் இருமலை விழுங்கி விழுங்கி இனி வரவழைத்தாலும் வராத ஆள். அவள் அந்தப் பல் வைத்தியரின் கோட்டைத் தூக்கிக்கொண்டு போய், ஓரத்து இருக்கையில் இருந்த அவரிடமே நீட்டிப் பார்த்தாள். அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார். இந்தப் பழியை நானா சுமப்பது, வேறு ஆளைப் பார் என்று கண்ணால் சொன்னார். ட்ராம் சாரதியும் அப்படியே. ஆயிரத்துச் சொச்சம் பேரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஊரில் அவர்களுக்கெல்லாம் பேர் இருந்தது, கெட்டுப்போவதற்கு.

தவமலர் படியேறிப் போய்க் கதவு இடுக்கால் பார்த்தாள். வெளியே மாசி மாதத்துப் பொழுது மங்கிக்கொண்டு வந்தது. தூக்கிய கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது. வயலின்காரக் கிழவி ஒருத்தியின் கன்னத்தால் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்க அவளுக்குக் கை எழவில்லை. முதலில் ஆற்றைக் கேட்டு மலர்ந்த முகங்களெல்லாம் இப்போது பயந்துபோயிருந்தன. வெளியே விட ஒருவரும் வராத வீட்டில் அகப்பட்டவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அவள் கீழே வந்தாள். கடைசிக் கொளுக்கிக்கு முன்னால் நின்றாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் சபாநாதன் அண்ணை. "உன்னட்டை இருக்கிறது அது ஒண்டுதான். இவையளின்ர பாட்டுக்கு நீ ஏன் குடுக்க வேணும்? கை உளைஞ்சால் இறக்கத்தானே வேணும், இறக்குவா."

அவள் காதை வைத்தாள். இரண்டு குறில், ஒரு நெடில். கதவுக்கு அப்பால், பொறுமையாக, நேற்றுப் போலவே, முந்தாநாள் போலவே. ஓம், வாறன் என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் நின்றாள். ஆறு நாளாய் வாறன், வாறன் என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று அவளுக்கு நெஞ்சில் அடித்தது. உள்ளே வருவதற்காகத்தானே ஒரு மனிதன் வாசலில் நின்று இருமுகிறான். கேட்டுக்கொண்டிருப்பதற்காகவா?

"அண்ணை, இவையளுக்காக இல்லை," என்றாள். "அவருக்குக் கால் உளைஞ்சிருக்கும்."

கோட்டைக் கொளுக்கியிலிருந்து எடுத்தாள். குழந்தையைத் தூக்குவது போல மார்பில் அணைத்துக்கொண்டு, ஒரு படி ஒரு படியாக ஏறினாள். மண்டபத்தின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றாள். ஒருவரும் திரும்பவில்லை. இடது கையை நுழைத்தாள். உள்ளே அவருடைய மணம், சவர்க்காரமும் பொரித்த வெங்காயமும். பிறகு வலது கையை நுழைத்தாள்.

அது அவள் குரலில் வரவில்லை. அவருடைய குரலிலேயே வந்தது. சின்னதாய் ஒன்று. சின்னதாய் இன்னொன்று. பிறகு அந்த நீண்டது, இருபத்தைந்து வருடம் நாலு மாடி ஏறிவந்த களைப்பெல்லாம் சேர்ந்த அந்த நீண்டது, மண்டபத்தின் மேல்முகடு வரை போய், ஆற்றின் சத்தத்தோடு கலந்து, யாருடைய நெஞ்சிலும் போய் இருக்காமல் முடிந்தது.

"ஓம், வாறன்," என்றாள் தவமலர்.

தூக்கிய கை இறங்கியது. நான்காம் பகுதி தொடங்கியது. அந்தப் பகுதி அதற்கு முன்னும் பின்னும் அப்படி வாசிக்கப்படவில்லை என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள், தவமலருக்கு அது தெரியாது, அவள் பின்கதவுக்கு வெளியே படிக்கட்டில் குந்தியிருந்து கோட்டின் கழுத்துப் பட்டியில் முகத்தைப் புதைத்திருந்தாள். கோட் வெறும் கோட்டாக இருந்தது.

அன்று மாலை எல்லோரும் தங்கள் இருமலைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அதன்பிறகு எந்த இருமலும் எந்தக் கோட்டிலும் தங்கவில்லை. ஊர் அதற்காக ஒன்றும் வருந்தவில்லை, பிர்கிட் அறிவித்தலைக் கிழித்துவிட்டு வேறொன்று அடித்தாள். பத்திரிகைகள்தான் அந்த இருமலை விடவில்லை. யாருடையது என்று தெரியாததால் யாரையும் திட்ட முடியவில்லை. திட்ட முடியாததைப் புகழ்வதுதானே வழக்கம். ஒரு பேராசிரியர் வெரனின் பழைய கடிதங்களைத் தோண்டி, அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஊர்க்காவற்காரர் என்றும், அந்தக் காலத்து ஊர்க்காவற்காரர்கள் வாசல்களில் இப்படித்தான் இருமுவார்கள் என்றும், ஆகவே அந்தப் பிறையும் புள்ளியும் இருமலைத்தான் குறிக்கும் என்றும் நாற்பது பக்கம் எழுதி நிறுவினார்.

பிர்கிட் மட்டும் ஒருநாள் கோட் அறைக்கு வந்து கேட்டாள். "உங்கள் கணவருக்கு வெரனின் இசை பிடிக்குமா, தாவா?"

"அவர் ஒருநாளும் உள்ளே வந்து கேட்டதில்லை," என்றாள் தவமலர். "வாசலில் நின்று கூப்பிடுவார். அவ்வளவுதான்."

அடுத்த மாசியில் நிகழ்ச்சித் தாளில், மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையில், மரபுப்படி இருமல் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. விழாக் குழு கூடிக் கதைத்து அந்தப் பொறுப்பை நீதவான் ஹாகனிடம் கொடுத்திருந்தது. முப்பத்தொரு வருடம் திட்டு வாங்கிய மனிதர் மூன்று மாதமாய் வீட்டில் பயிற்சி செய்தார் என்று கேள்வி. ஞாயிறு நாலு மணி பத்துக்கு ஒலிபெருக்கி அடங்கியது. மண்ணிறக் கோட்டைப் போர்த்துக்கொண்டு தவமலர் ஆயிரம் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருமல் நீதவானுக்கே என்று மற்றவர்கள் அடக்கிக்கொள்ள, கொஞ்ச நேரம் ஆறு கேட்டது. பிறகு மேலே, நாலாம் வரிசையில், ஒரு கிழவர் மிகுந்த கவனத்தோடு, சின்னதாய் இரண்டு, நீளமாய் ஒன்று.

"பரவாயில்லை," என்றார் தும்புத்தடியோடு பக்கத்தில் நின்ற சபாநாதன் அண்ணை. "ரெண்டாவதுதான் கொஞ்சம் சுறுக்கா வந்திட்டுது."

"ஓம், வாறன்," என்று சொல்லிக்கொண்டு தவமலர் எழுந்துபோய்க் கோட் அறையின் கதவை அகலத் திறந்துவிட்டாள்.